மூன்று தரம் அரித்த கசடு

அவருக்கு முன்னால் யாரும் "இல்லை" என்று சொல்லிவிட முடியாது. "முடிஞ்சுது" என்றால் இன்னும் மோசம். ஒருநாள் சீனி கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அப்போதுதான் போத்தலைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு வைத்திருந்தார். "சீனி இல்ல மாமி" என்று அம்மா சொன்னதும் வந்தவரின் முகம் சுருங்கிப்போனது. சீனி கிடைக்காததற்காக அல்ல.

"இரிக்கி எண்டு சொல்லு புள்ள. மறுகா தா."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இரிக்கி மாமி, மறுகா தாறன்" என்றார். எங்கள் பக்கத்தில் மறுகா என்றால் பிறகு. அவர் திருப்தியாக வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

மாமி என்று ஒழுங்கையில் எல்லோரும் கூப்பிட்டோமே தவிர, அவர் எங்களில் யாருக்கும் மாமி இல்லை. படுவான்கரையில், வாவிக்கு மேற்கே வயல் வட்டைகளுக்கு நடுவே பிறந்தவர். அங்கே சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கிற களவெட்டிக்குள் கால் வைத்தால் பேச்சே மாறிவிடும். நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். குறைவு, முடிவு, இல்லை என்று பொருள்படுகிற எந்தச் சொல்லும் களத்துக்குள் ஆகாது. சொன்னால் விளைச்சல் வற்றிவிடும் என்று நம்பிக்கை. கடைசிச் சாக்கைக் கட்டும்போதும் "பெருகுது" என்றுதான் சொல்வார்கள். மற்றவர்களுக்கு இந்த வழக்கம் களவெட்டியோடு நின்றுவிடும். இவர் அதைக் கூடவே கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். கல்குடாவில் மீன்காரர் ஒருவருக்குப் பெண்சாதியாகப் போனபோதும் கொண்டுபோனார். சுனாமியன்று கடல் வந்து வீட்டை எடுத்தபின் ஒரே மகனோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தபோது சேலை ஒன்றும் சட்டி ஒன்றும் இந்த வழக்கமும்தான் அவரிடம் மிஞ்சியிருந்தன. கடைசியில் அதைக் கொண்டுபோய் இரும்புக் கசட்டு மேட்டின்மேல் வைத்தார்.

மேடு எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இருந்தது. வாழைச்சேனைக்கு இந்தப் பக்கம், வாவிக்கரையில், பழைய இரும்பு உருக்கி வார்க்கிற பட்டறை ஒன்று. கிணற்றுக் கப்பியும் கழிவுநீர்க் கான் மூடியும் செய்தார்கள். முதலாளி ஓட்டமாவடிக்காரர். இரும்பை உலையில் போட்டால் அதிலிருக்கிற துருவும் மண்ணும், கூடப் போடுகிற சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து உருகி மேலே மிதக்கும். அதை வழித்து வெளியே கொட்டுவார்கள். ஆறினால் கறுப்புக் கண்ணாடிபோல் உறைந்துவிடும். அதுதான் கசடு. வழிக்கிற அவசரத்தில் நல்ல இரும்பும் துளித்துளியாக அதற்குள் மாட்டிக்கொள்ளும். எத்தனை வருசக் கசடு அங்கே குவிந்திருந்ததென்று முதலாளிக்கே தெரியாது. மழை பெய்தால் மேட்டிலிருந்து தண்ணீர் துருநிறமாக வாவிக்குள் இறங்கும்.

அந்தத் துளிகளை எடுக்க ஐந்து பெண்கள். ஓலைக் கொட்டிலின் கீழே சாக்கு விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்து கசட்டுக் கட்டியைச் சுத்தியலால் உடைப்பார்கள். கண்ணில் படுகிற இரும்பைக் கையால் பொறுக்குவார்கள். பெரிய துளிக்கும் சிறிய துளிக்கும் அவர்கள் வைத்த பெயர் மணி. இது முதல் தரம். பிறகு உடைந்த தூளை அரிதட்டில் அரித்து, பழுதான கோயில் ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தத்தைத் தடியில் கட்டி அதற்குள் துழாவுவார்கள். மணிகள் காந்தத்தில் மீசைபோல் குத்திட்டு நின்றுகொண்டு வரும். இது இரண்டாம் தரம். பொறுக்கிய இரும்பைப் பட்டறை திரும்பவும் உலைக்கு வாங்கிக்கொள்ளும். தூள் மேட்டுக்குப் போகும். அத்தோடு வேலை சரி.

மாமிக்கு மட்டும் மூன்றாம் தரம் ஒன்று இருந்தது. மேட்டுக்குப் போன தூளைத் திரும்ப அள்ளி வந்து, தாச்சியில் போட்டு, முழங்காலளவு வாவித் தண்ணீரில் நின்று அலசுவார், அரிசியில் கல் அரிப்பதுபோல. மற்றப் பெண்கள் வீட்டுக்குப் புறப்படுகிற நேரம் அது. "என்னகா, ஆத்து மீனுக்கும் இரும்பு தீத்துறயா?" என்று, வாவி மீனுக்கு இரும்பு ஊட்டுவதாக ஒருத்தி கேலி செய்வாள். மாமி நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். "பொலி கிடக்கு" என்பார். நாளெல்லாம் குனிந்த முதுகு இன்னும் ஒருமுறை குனியும். இவ்வளவுக்கும் பிறகு மூன்றாம் தரத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரு சிரட்டைக்குள் அடங்கும்.

எனக்கு அப்போது இரசாயனப் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன், எதைக் கண்டாலும் அதற்குள் என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. மாமி மூன்றாம் தரமும் அலசிப்போட்ட தூளில் ஒரு பிடி வாங்கிவந்து, வாகனப் பற்றரி அசிட்டில் போட்டுப் பார்த்தேன். இரும்பு இருந்தால் குமிழி கிளம்ப வேண்டும். ஒன்றிரண்டு குமிழி சோம்பலாக வந்து அடங்கிவிட்டது. இதைச் சொல்லத் துள்ளிக்கொண்டு ஓடினேன். "மாமி, அந்தத் தூளில் எடுக்க ஒன்றுமே" என்று நான் தொடங்கியதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உன்ட அசிட்டுக்கு வயிறு நிறஞ்சு கிடக்கு புள்ள. பசியோட பாத்தாத்தான் தெரியும்."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அசிட் சொன்னதுதான் சரி. மாமி அந்த விசயத்தில் எப்போதும் பிழையாகவே இருந்தார். அந்தப் பிழையில் அவரைப்போல் உறுதியாக நின்ற ஒருவரை நான் பிறகு காணவில்லை.

மாரி வெள்ளத்துக்கு ஒழுங்கை பள்ளமாகிவிட்டதென்று ஒருதரம் பட்டறை லொறியில் கசடு கொண்டுவந்து பரப்பினார்கள். மறுநாள் பகல் மாமி நடு ஒழுங்கையில் குந்தியிருந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். முன்வீட்டுக்காரி வேலிக் கதவான படலையில் நின்று, மாமி இனி எங்கள் வீட்டு அத்திவாரத்தையும் கிண்டுவாபோல என்று கத்தினாள். மாமி குறை நினைக்கவில்லை. அங்கேயும் கிடக்கலாம், ஆனால் வீட்டை இடிக்கிற வேலை தனக்கு இனி ஏலாது என்று நிதானமாகப் பதில் சொன்னார். ஏலாது என்ற சொல்லை வெகுகாலம்வரை அவர் வாயிலிருந்து கேட்டது அப்படி விளையாட்டாக மட்டும்தான்.

கடல் வந்த பிறகு சில மாதங்கள் பட்டறைக்கு வந்த இரும்பெல்லாம் கடலோர வீடுகளின் இரும்பு. சீமெந்துத் துண்டு கடித்துக்கொண்டிருந்த கம்பிகள், சுருண்ட கூரைத் தகரம், தையல் மெசின்கள், யாருடையதோ கட்டில் கால். தன் வீட்டின் யன்னல் கம்பி அதற்குள் இருக்கும் என்று மாமி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு கசடு உடைத்தார். புருசனைக் கடல் கொண்டுபோயிருந்தது, உடல் வரவில்லை. மாமி கண்டல் காட்டுக்குள் நெடுநாள் தேடிவிட்டு, ஒருநாள் தேடுவதை நிறுத்திவிட்டு, மேட்டுக்கு வேலைக்கு வந்தார். நிறுத்தினார் என்று நாங்கள்தான் சொல்கிறோம். அவரைக் கேட்டால் "கடலுக்குள்ள இரிக்கார்" என்பார்.

அப்போது மகன் ஒன்பதாம் வகுப்பு. ஒரே பிள்ளை. அவன் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த வருசம், டியூசன் முடிந்து வருகிற வழியில் துவக்கு வைத்திருந்த பெடியன்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எந்தப் பெடியன்கள் என்று ஒழுங்கையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு இப்போது எழுதவும் தயக்கமாகத்தான் இருக்கிறது. அவன் எங்கெங்கோ போய், கடைசியில் வன்னிக்குப் போனான் என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

அந்த வருசங்களில் மாமியிடம் மகனைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "இரிக்கான். வருவான்." அழுதுகொண்டு சொல்லமாட்டார். களவெட்டியில் சாக்கு எண்ணுகிறவர்போல, முகத்தில் எதுவும் காட்டாமல் சொல்வார். ஒழுங்கையில் இன்னும் பிள்ளைகளைத் தொலைத்த வீடுகள் இருந்தன. அந்தத் தாய்மார் பூசாரியிடம் போனார்கள், சாத்திரம் கேட்டார்கள், சிலர் திவசமும் கொடுத்துவிட்டார்கள். இவர் போகவில்லை. சண்டை முடிந்த செய்தியை ரேடியோ திரும்பத் திரும்பச் சொன்ன நாட்களிலும் கசடு உடைத்துக்கொண்டிருந்தார். முடிஞ்சுது என்று யாரோ சொன்னபோது மட்டும் சுத்தியலைக் கீழே வைத்து, சொன்னவளை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு மகன் வந்தான்.

முகாமில் வைத்திருந்து, புனர்வாழ்வு என்று இன்னோர் இடத்தில் வைத்திருந்து, அடுத்த வருசம் விட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒழுங்கைக்குள் நடந்து வந்தான். திவசம் கொடுத்த வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த ஒரு தரம் மாமியின் வாய் பலித்துவிட்டது. அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த ஆளே இருக்கவில்லை.

மகன் மெலிந்திருந்தான். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தால் சுவரோடு சுவராக முதுகை நிமிர்த்தியே வைத்திருப்பான், சரியமாட்டான். முதுகில், தண்டுக்குப் பக்கத்தில், வெடித்த செல்லின் இரும்புத் துண்டு ஒன்று இருந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, அதை அப்படியே விடச் சொன்னார்கள். மாமி கேட்கவில்லை. கண்டிக்குப் போனால் எடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நாள் பூராவும் வாங்கில் காத்திருந்தோம். மகன் சுவரில் சாய்ந்து நின்றான்.

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முதுகெலும்புக்கு ஒட்டினாற்போல், அரிசிக் குறுணல் அளவில், வெள்ளையாக ஒன்று. அது அங்கே பேசாமல் கிடக்கும்வரை இவர் நடப்பார், டொக்டர் சொன்னார். எடுக்கப்போனால் கால் இரண்டும் போகலாம். பாரம் தூக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது. நான் அவ்வளவையும் தமிழில் சொன்னேன். மாமி எழுந்து போய்ப் படத்தின்மேல், அந்த வெள்ளைக்கு நேரே, நகத்தை வைத்தார். கசடு உடைத்து உடைத்து ஓரமெல்லாம் தெறித்துப்போன நகம்.

"இன்னொருக்காப் பாக்கச் சொல்லு புள்ள. இவ்வளவு சின்னத எடுக்க ஏலும்தானே? நான் ஒரு நாளைக்கு எத்தின எடுக்கிறன்."

டொக்டர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் பாதி சிரித்து, மாமியின் முகத்தைப் பார்த்து, மீதியை நிறுத்திக்கொண்டார். இன்னொரு தரம் பார்க்கவும் செய்தார். பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒருநாள் பின்னேரம், எங்கள் வேலியில் உடுப்பு எடுக்கப் போனபோது கண்டேன். மகன் முற்றத்தில் மணலில் சம்மணமிட்டு இருந்தான். சட்டையைத் தோள்வரை தூக்கிவிட்டு, மாமி தன்னுடைய காந்தத் தடியை அவன் முதுகில் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். மேலே, கீழே, திரும்ப மேலே, தூளுக்குள் துழாவுகிற அதே கையோடு.

"இழுக்குதா மகன்?"

"இல்லம்மா."

அவர் அந்த "இல்ல"வைக் கேளாதமாதிரி இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "இப்ப?"

அவன் மணலில் விரலால் ஒரு கோடு இழுத்தான். பிறகு, "கொஞ்சம் இழுக்குது" என்றான். அம்மாவுக்காகச் சொன்னான் என்று எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே விளங்கியது. அவ்வளவு சின்னக் காந்தம் தசைக்குள் கிடக்கிற துண்டை அசைக்கவே அசைக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் என்னைக் கண்டுவிட்டு, வேண்டாம் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தான். நான் உடுப்பையும் எடுக்காமல் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அதிலிருந்து எனக்கு மாமியைக் கண்டால் முன்போல் சிரிப்பு வரவில்லை.

வேலை கேட்டு அவர் போகாத இடமில்லை. மகன் சும்மா இருக்கிறான் என்று அவனை யாரும் குறை சொல்லவில்லை. போலிஸ் அடிக்கடி கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிற பெடியனுக்கு வேலை கொடுக்கத்தான் பயந்தார்கள். மாமி விடவில்லை. கடைக்காரரிடமும் மில்காரரிடமும் போய், என்ட மகனுக்கு எல்லாம் ஏலும் என்றார். என்ன வேலை தெரியும் என்று கேட்டால் எல்லாம் தெரியும். பாரம் தூக்குவானா என்று கேட்டால் தூக்குவான். பொய் சொல்லவேண்டும் என்று அவர் நினைத்ததேயில்லை. ஏலாது என்ற சொல்லைப் பிள்ளையின்மேல் போட்டால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார். மகனும் அம்மா சொன்ன இடத்துக்கெல்லாம் போனான். அரிசி ஆலையில் மூட்டை சுமக்கப் போனவனை மூன்றாம் நாள் சைக்கிளில் முன்னால் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு கிழமை குப்புறப் படுத்துக் கிடந்தான். எழும்பினதும் மாமி அடுத்த இடம் பார்த்து வைத்திருந்தார். தோணிக்குப் போனான், வலை இழுக்கும்போது தண்ணீருக்குள் விழுந்து, கூட வந்தவர்கள் தூக்கி எடுத்தார்கள். ஒவ்வொரு தரமும் திரும்பி வந்து அதே கதிரையில் அதேபோல் நிமிர்ந்து உட்கார்ந்தான். இன்னும் ஒருதரம் போனால் எழும்பமாட்டான் என்று என் அம்மா மாமியிடம் நேரே சொன்னார். மாமி அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் வெளியூரிலிருந்து ஒரு குத்தகைக்காரர் மேட்டைப் பார்க்க வந்தார்.

கசட்டை உடைக்கிற யந்திரமும் பெரிய காந்தம் பூட்டிய பெல்ட்டும் அவரிடம் இருந்தன. இரும்பைத் தான் எடுத்துக்கொண்டு, மிஞ்சுகிற கல்லை றோட்டு வேலைக்குக் கொடுக்கலாம் என்று கணக்கு. நல்ல மனிதர்போல் தெரிந்தார். வெயிலில் மேட்டைச் சுற்றிச் சுற்றி நடந்து களைத்துப்போய்க் கொட்டிலுக்குள் வந்து பெண்களோடு உட்கார்ந்தார். முதலாளி, உள்ளே என்ன கிடக்கு என்று எனக்குத் தெரியாது, இவங்களைக் கேளுங்க என்று ஒதுங்கி நின்றார். குத்தகைக்காரர் கேட்டார்.

கேட்ட இடம் மேடு. மாமி வந்த நாளிலிருந்து மேட்டில் நடந்தது களவெட்டிச் சட்டம். மற்றப் பெண்கள் அதைப் பாதி விளையாட்டாகத்தான் எடுத்திருந்தார்கள், ஆனால் அத்தனை வருசம் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே பழகிவிட்டிருந்தது. ஒருத்தி "கிடக்கு" என்றாள். இன்னொருத்தி "பொலி" என்றாள். எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டீர்களா என்று அவர் நேரடியாகவே கேட்டபோது மாமி சொன்னார், "எடுக்க எடுக்கப் பெருகிக்கொண்டுதான் கிடக்கு." கூடவே தன் மகனைப் பற்றியும் சொன்னார். யந்திரத்துக்கு ஆள் தேவையென்றால் அவனுக்கு எல்லா வேலையும் ஏலும்.

முதலாளியின் வாப்பா வயல்காரர். அந்தக் களவெட்டிப் பேச்சு அவருக்கு விளங்காமல் இருந்திருக்காது. அவர் வாவிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மேடு விலைபோனது. யந்திரம் வந்தது. பெண்களை இனி வரவேண்டாம் என்றார்கள். ஓலைக் கொட்டிலைப் பிரித்து அந்த இடத்தில் ஜெனரேற்றர் வைத்தார்கள். சில கிழமை ஒழுங்கை முழுவதும் புழுதி. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது. பிறகு சத்தம் குறைந்து குறைந்து வந்தது. பெல்ட்டில் நின்ற பெடியன்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

ஒருநாள் காலை குத்தகைக்காரர் மாமியின் முற்றத்துக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவர் ஒழுங்கைக்குள் வருவதைக் கண்டு மற்ற நான்கு பெண்களும் பின்னாலேயே வந்து படலையில் நின்றார்கள். நான் எங்கள் பக்க வேலியில் நின்றேன். அவர் கோபமாகக் கதைக்கவில்லை. கோபப்படுகிற தெம்பு அவரிடம் இருக்கவில்லை. பெல்ட்டில் ஒன்றும் விழவில்லை என்றார். இன்னும் உள்ளே போய்த் தோண்டினால் விழும் என்று நம்புவதாகச் சொன்னார். கட்டியைத் தூக்கி யந்திர வாயில் போட ஒரு பலமான ஆள் வேண்டும்.

"நீங்க சொன்னதை நம்பித்தாம்மா வாங்கினேன். மகனை அனுப்புங்க. அவர் வந்தா நீங்க அஞ்சு பேரும் பெல்ட்டுல நின்னு பொறுக்கலாம்."

படலையில் நின்ற பெண்கள் மூச்சுவிட்டார்கள். வேலை போய் இரண்டு மாதம். ஒருத்தி, "ஓம் எண்டு சொல்லுங்க மாமி" என்றாள், மெதுவாக, கெஞ்சலாக. மகன் கதிரையிலிருந்து எழுந்தான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தான். மற்றக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாமல் நின்றான். யாரும் உதவிக்குப் போகவில்லை. அவன் அவசரப்படாமல், சுவரில் தோளைக் கொடுத்து, சட்டையை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தான்.

மாமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டை தோளுக்கு வந்து சேரும்வரை பார்த்தார்.

"அவனுக்கு ஏலா" என்றார்.

குத்தகைக்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னம்மா?"

"ஏலா. முதுகில இரும்பு கிடக்கு. எடுக்க ஏலாத இரும்பு. குனிஞ்சா விழுந்திருவான். இனி அவன எங்கயும் அனுப்பமாட்டன்."

மகன் பொத்தானில் வைத்த கையோடு அம்மாவைப் பார்த்தான். மாமி அவன் பக்கம் திரும்பவில்லை. நிறுத்தினால் பிறகு சொல்ல வராது என்பவர்போல் தொடர்ந்தார்.

"மேட்டிலயும் ஒண்டுமில்ல. எப்பவோ முடிஞ்சுது. நாங்க மூண்டு தரம் பாத்த மேடு. யந்திரத்தக் கழட்டிக்கொண்டு போங்க தம்பி."

குத்தகைக்காரர் முற்றத்து மணலில் அப்படியே குந்திவிட்டார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். திட்டுகிற குரல் அல்ல, உண்மையாகவே கேட்டார். அன்றைக்கு வாய் வரவில்லை என்றார் மாமி. படலையில் கெஞ்சியவள் தலையில் அடித்துக்கொண்டு, இந்த வாய்க்கு இண்டைக்குத்தானா நேரம் வந்தது என்று ஏசிக்கொண்டு போனாள். மற்ற மூவரும் அவளுக்குப் பின்னால் போனார்கள். அவர்களுக்கு அது நியாயமான கோபம். மாமி அடுப்படிக்குப் போனார். குத்தகைக்காரருக்கு பால் விடாத பிளேன்டீ ஒன்று ஊற்றிக் கொடுத்தார், சீனி இல்லை என்று சொல்லியே கொடுத்தார். அவர் அதைக் குடித்துவிட்டுப் போனார்.

யந்திரம் போன கிழமை எனக்கு ஒரு புது யோசனை வந்திருந்தது. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். ஒரு இடத்தில் இருக்க முடியாமல் அலைந்தேன். பட்டறைக் கூரை மரங்களில் உலைப் புகையின் தூசி வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கண்டேன். துத்தநாகம் பூசிய தகரத்தை உருக்கினால் அந்த நாகம்தான் புகையாகக் கிளம்பி இப்படிப் படியும். பல வருசத் தகரம், பல வருசத் தூசி. அதை வழித்தெடுத்துச் சுத்தம் செய்தால், ஐந்து பெண்களுக்கும் வேலை, குனிய வேண்டாம், உடைக்க வேண்டாம். முதலாளியிடம் கேட்டு ஒரு பை நிறைய வழித்துக்கொண்டேன். மாமியிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று பட்டது. நல்ல வெயில். சைக்கிளை மிதித்த வேகத்தில் படலையோடு முட்டப் பார்த்தேன்.

மாமி வாசலில், வெறும் நிலத்தில், கையைத் தலைக்குக் கொடுத்து ஒருக்களித்துக் கிடந்தார். வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது. இரு கால்களும் கசட்டுத் தூளில் தோய்ந்து தோய்ந்து கணுக்கால்வரை நிறம் மாறிக் கிடந்தன. மகன் கதிரையைத் தூக்கமாட்டாமல் இழுத்து வந்திருக்க வேண்டும். நிலத்தில் கோடு தெரிந்தது. அவர் முகத்தில் வெயில் படாதபடி கதிரையைப் போட்டு, அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையிலிருந்த பழைய தாளால் முகத்தில் மொய்க்கிற இலையான் விரட்டிக்கொண்டிருந்தான்.

நான் பையைத் தூக்கிக் காட்டினேன். மூச்சு வாங்கியது, எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல், மாமியிடம் ஒரு விசயம் என்றேன்.

அவன் தாளை அசைப்பதை நிறுத்தவில்லை.

"அம்மா நித்திர. மறுகா வாங்க."

நான் சைக்கிளைத் திருப்பினேன். மிதித்தால் சங்கிலி சத்தம் போடும் என்று, ஒழுங்கை முடியும்வரை தள்ளிக்கொண்டே நடந்தேன்.